அந்த டேபிள்ல ரெண்டு ரிசல்ட்டும் போட்டது

"தம்பி, ஒரே மண்ணுக்கு ரெண்டு ரிசல்ட் போட்டா கிளையண்ட் குழம்பிடுவான், ஈரமா டெஸ்ட் பண்ணதை மட்டும் போடு"ன்னு சார் சொன்னாரு. கென்யால ஒரு அணைக்கான மண்ணை டெஸ்ட் பண்ணின ரிப்போர்ட் அது, ஈரமா பண்ண ரிசல்ட் ஒண்ணு, ஓவன்ல காய வச்சு பண்ண ரிசல்ட் ஒண்ணு. நான் கேக்கல, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டேன். அது சரின்னுதான் இன்னமும் நினைக்கிறேன், ஆனா அதுக்கப்புறம் சைட்ல நடந்ததை யோசிச்சா மனசு ஆறல.

கென்யால அபர்டேர் மலைச்சரிவு சிவப்பு களிமண்ணை தொட்டவங்களுக்கு அது எப்படின்னு தெரியும். எரிமலைப் பாறை மட்கி உண்டானது, உள்ள இருக்கற களிக் கனிமம் பேரு ஹாலாய்சைட். லிக்விட் லிமிட், அதாவது எவ்வளவு தண்ணி சேந்தா மண்ணு கூழா ஓட ஆரம்பிக்கும்ங்கற அளவு, நம்ம கரிசல் மண்ணு அளவுக்கு ஏறும், மண்ணை வகை பிரிக்கற சார்ட்ல குறிச்சா களியையும் வண்டலையும் பிரிக்கற ஏ லைன்ங்கற கோட்டுக்கு கீழ போய் உக்காரும், நம்பரை மட்டும் பாத்தா எந்த இன்ஜினியரும் வேண்டாம்னுதான் சொல்லுவான். ஆனா கரிசல் மாதிரி உப்பாது, சுத்தி அழுத்தம் குடுத்து வலிமை பாக்கற ட்ரைஆக்சியல் டெஸ்ட்ல போட்டா, சரியாம தாங்கற பலத்தை காட்டற உராய்வுக் கோணம் 30 டிகிரிக்கு மேல நிக்கும். பக்கத்துல சசுமுவா அணையில இதே மாதிரி மண்ணை, மண் இயக்கவியலுக்கே முன்னோடியான டெர்சாகி ஆராய்ஞ்சு, நுண்துகள் எல்லாம் கெட்டியா ஒட்டி குருணையா இருக்கறதாலதான் இந்த குணம்னு 1958லயே எழுதிட்டாரு. நைரோபி குடிக்கிற தண்ணில அந்த அணைக்கும் பங்கு உண்டு.

வில்லங்கம் எல்லாம் ஓவன்லதான். 105 டிகிரில வச்சா துளைல இருக்கற தண்ணி மட்டும் இல்ல, கனிமத்துக்குள்ள அடுக்கடுக்கா இருக்கற தண்ணியும் போயிடும், போனா திரும்பாது. குழிலேர்ந்து எடுத்த கட்டியை விரல்ல தேச்சா சோப்பு மாதிரி வழுக்கும், அதையே ராத்திரி ஓவன்ல வச்சு எடுத்து எவ்வளவு நேரம் ஊறப்போட்டாலும் நறநறன்னு மணலாத்தான் இருக்கு, லிக்விட் லிமிட் சரசரன்னு இறங்கிடுது. கிளையண்ட் குடுத்த ஸ்பெக்ல, அதாவது வேலை விதிமுறைல, மண்ணை காய வச்சுதான் டெஸ்ட் பண்ணணும்னு இருந்தது, நாளைக்கு வேற லேப்ல அப்படியே பண்ணிட்டு எங்க நம்பர் பொய்னு சொன்னா யாரு பதில் சொல்றது? அதனாலதான் ரெண்டும் போட்டேன். எதை நம்பணும், ஏன்னு உள்ள விவரமா எழுதியும் இருந்தேன்.

படிக்கல. மீட்டிங்ல அவங்க ஆள் டேபிளை மட்டும் காட்டி, "சூடு பட்டா குணம் மாறற மண்ணு மேல எப்படி தண்ணி தேக்கறது?"ன்னு கேட்டாரு. அணைக்கு அடியில இருக்கற மண்ணு காயவே போறதில்ல சார், ஈரத்துலயேதான் கிடக்கும்னு சொன்னேன். தலையாட்டினாரு. அடுத்த வாரமே இடது கரைப்பக்கம் களியை வெட்டி எடுக்கச் சொல்லி லெட்டர் வந்துச்சு.

வெட்டினா அடியில விரிசல் விட்ட டஃப், அதாவது எரிமலைச் சாம்பல் இறுகின பாறை, தண்ணி சுலபமா இறங்கற இடம். அதை மூடிக்கிட்டு இருந்ததே அந்த களிதான். அப்புறம் மூடறதுக்கு மறுபடி களி வேணும்னு வெட்டிக் குவிச்சதையே எடுத்தாங்க, அதுக்குள்ள ஜனவரி, பிப்ரவரி வெயில் வந்து குவியல் மேல்பக்கம் காஞ்சு கிடந்தது, ஓவன் அளவுக்கு இல்லதான், ஆனா இந்த மண்ணுக்கு வெறும் வெயில்ல காயறதே கொஞ்சம் மாத்திடும். எது நடக்காதுன்னு வாதாடினேனோ அதை நாங்களே நடத்தி வச்சோம்.

சார் பேச்சை கேட்டிருந்தா வெட்டியே இருக்க மாட்டாங்களோ? இருக்கலாம். ஆனா காஞ்ச மண்ணை திரும்பப் போடாதீங்கன்னு சொல்ல என் கையில இருந்த ஒரே ஆதாரமும் அதே டேபிள்தான், அதை காட்டித்தான் குவியலோட மேல்பக்கத்தை ஒதுக்க வச்சேன். தெரிஞ்சதை மறைச்சு நல்லது நடக்கணும்னா அந்த வேலைக்கு லேப் எதுக்குன்னும் கேக்கத் தோணுது, அதே நேரம் படிக்கறவன் எப்படி எடுத்துக்குவான்னு சார் சரியாத்தான் கணிச்சாரு, அதை என்னால மறுக்க முடியல.

இப்ப இடது பக்க டோ டிரெயின்ல, அதாவது அணையோட அடிவாரத்துல கசிவை வெளிய விடற வடிகால்ல, கொஞ்சம் தண்ணி வருது, தெளிவாத்தான் இருக்கு, மண்ணை அரிச்சுக்கிட்டு வரல. எந்த அணையிலயும் இவ்வளவு வரும்னு சொல்றாங்க. வெட்டாம விட்டிருந்தா எவ்வளவு வந்திருக்கும்னு அளக்க வழியில்ல. ஒதுக்கின மண்ணுல உண்மையில எத்தனை லோடு வெளிய போச்சு, எத்தனை உள்ள போச்சுங்கற கணக்கு கான்ட்ராக்டர் ரெஜிஸ்டர்லதான் இருக்கு, அதை கேட்டு எழுதியிருக்கேன், இன்னும் வரல.