சொட்டுத் தண்ணீர் ஊற்றாத காய்கறிப் பக்கோடா

வீட்டில் யாராவது பாலையும் நெய்யையும் விட்டுவிட்டேன் என்று சொன்னால் பெரியவர்களுக்கு உடனே ஒரு பதற்றம் வரும், இனிமேல் இந்தப் பிள்ளை எதைத்தான் சாப்பிடும் என்று. என் நாத்தனார் மகள் வீகன் ஆனபோது, அதாவது விலங்கிடமிருந்து வரும் எதையும் சாப்பிடுவதில்லை என்று முடிவெடுத்தபோது, எங்கள் வீட்டிலும் வந்தது. காலை இட்லிக்கும் இரவு தோசைக்கும் பிரச்சினை இல்லை, காபிதான் பெரிய விவாதம், அது வேறு கதை. ஆனால் சாயங்காலப் பலகாரத்தைப் பொறுத்தவரை பதற்றத்துக்கு வேலையே இல்லை. கடலை மாவு, அரிசி மாவு, காய், உப்பு, காரம், எண்ணெய். பக்கோடாவில் இதைத் தாண்டி என்ன இருக்கிறது?

இருக்கிறது என்றால், சில வீடுகளில் மட்டும். மெது பக்கோடாவுக்கு நெய்யையும் சோடா உப்பையும் நுரை வரும்வரை தேய்த்துச் சேர்ப்பார்கள். சிலர் கரகரப்புக்கு வெண்ணெய், சிலர் புளிப்புக்கு ஒரு கரண்டி தயிர். "அத்தை, இதில தயிர் போட்டீங்களா?" என்று அவள் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவாள், கேட்பதும் நியாயம்தான். கடைப் பலகாரத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் போதாது, பால் பொருள் சேர்ந்திருந்தாலும் அந்தப் புள்ளிதான் வரும். வீகன் உணவுக்கென்று 2022-இல்தான் தனி விதிமுறை வந்தது, அதற்குத் தனிச் சின்னமும் இருக்கிறது. டீக்கடை வாணலியில் சற்று முன்னால் முட்டை போண்டா மிதந்திருக்கலாம். அதனால் வீட்டில் செய்வது நிம்மதி.

ஆங்கில சமையல் தளங்களில் இதே பலகாரத்துக்கு ஆளி விதையை ஊறவைத்து முட்டைக்குப் பதிலாகச் சேர், பாதாம் பால் ஊற்று, ரொட்டித் தூளில் புரட்டு என்று நீளமாக எழுதியிருப்பார்கள். அவர்கள் ஊர்ப் பலகாரம் கோதுமை மாவையும் முட்டையையும் நம்பி நிற்பது, முட்டையை எடுத்தால் வேறு ஏதாவது பிடிமானம் வேண்டும். நமக்கு அந்தத் தலைவலி கிடையாது. கடலை மாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம், சூடு பட்டதும் அதுவே இறுகிக் காயைப் பிடித்துக்கொள்ளும். ஆளி விதையைப் பொடி பண்ணி இட்லிக்குத் தொட்டுக்கொள்ளுங்கள், பக்கோடாவில் வேண்டாம்.

சரி, மொறுமொறுப்புக்கு வருவோம். பக்கோடா நமத்துப் போவதற்கு மாவைக் குறை சொல்வார்கள், எண்ணெயைக் குறை சொல்வார்கள். பத்தில் ஒன்பது தடவை காரணம் தண்ணீர். வெங்காயத்தில் கிட்டத்தட்ட 89 சதவீதம் தண்ணீர்தான், முட்டைக்கோஸில் 92. இவ்வளவு ஈரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாவைக் கரைக்கத் தனியாக ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் அது பக்கோடா ஆகாது, பஜ்ஜியும் ஆகாது, நடுவில் எங்கோ நிற்கும். பஜ்ஜிக்குத்தான் கரைத்த மாவு. பக்கோடாவுக்கு மாவு காயின் மேல் பூசியும் பூசாமலும் ஒட்டியிருந்தால் போதும்.

நான் எடுக்கும் அளவு இது: பெரிய பல்லாரி வெங்காயம் இரண்டு, அதாவது 200 கிராம். முட்டைக்கோஸ் 100 கிராம். கேரட் ஒன்று. முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி. இதற்குக் கடலை மாவு ஒரு கப், அரிசி மாவு கால் கப். நாலு பேருக்கு டீயோடு சரியாக வரும், வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

வெங்காயத்தை நீளவாக்கில், காம்பிலிருந்து வேர்ப்பக்கமாக மெல்லிசாக அரிய வேண்டும். அரிந்ததை விரலால் ஒவ்வொரு இதழாகப் பிரித்துவிடுவது முக்கியம், ஒட்டிக்கொண்டே இருந்தால் நடுவில் உள்ளது வேகாமல் வழவழவென்று கிடக்கும். முட்டைக்கோஸும் அதே மாதிரி நூலாக. கேரட்டைத் துருவக் கூடாது, துருவினால் ஈரம் மொத்தமாக வெளியே வந்துவிடும், தீக்குச்சி அளவில் நறுக்கினால் சரி. மழைக்காலத்தில் வரும் புது வெங்காயத்தில் ஈரம் இன்னும் அதிகம். அது கிடைத்தால் மாவை ஒரு கரண்டி கூட்ட வேண்டியிருக்கும்.

எல்லாக் காயும் இதற்குத் தோதுப்படாது. முருங்கைக்கீரை பொன் மாதிரி, அதில் ஈரம் குறைவு, எண்ணெயில் விழுந்ததும் அப்பளம் போல மொறுகும். பாலக்கீரை போடுகிறவர்கள் கழுவிய ஈரம் போகத் துணியில் உலர்த்திவிட்டுப் போடுங்கள். பீட்ரூட்டில் சர்க்கரை அதிகம், வேகும் முன்பே கருகும், நிறம் வேறு எல்லாவற்றிலும் இறங்கும். சுரைக்காய், பூசணி எல்லாம் பிழிந்து பிழிந்து கை வலிப்பதுதான் மிச்சம். உருளைக்கிழங்கை நூலாக நறுக்கி இரண்டு தண்ணீரில் கழுவி மாவுச்சத்தை விட்டுவிட்டு, துடைத்துப் போட்டால் நன்றாக இருக்கும், ஆனால் அவசரத்துக்கு ஆகாது. காலிஃபிளவருக்குத் தனிப் பக்குவம், இதில் கலக்காதீர்கள்.

கீரையைத் தவிர மற்ற காய்களோடு உப்பு ஒரு டீஸ்பூன் போட்டு, கையால் அழுத்திப் பிசிறி, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். இந்த ஒரு வேலையைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். உப்பு ஈரத்தை இழுத்து வெளியே கொண்டுவரும், பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் நீர் தேங்கி நிற்கும், வெங்காயம் துவண்டு பளபளக்கும். அந்த நீரைக் கொட்டாதீர்கள். மாவைப் பிசைய வேண்டிய தண்ணீரே அதுதான், உப்பும் வெங்காய வாசமும் சேர்ந்த தண்ணீர்.

இப்போது கீரை, பச்சை மிளகாய் இரண்டு, தோலோடு தட்டிய பூண்டு ஐந்தாறு பல், கறிவேப்பிலை, சோம்பு அரை டீஸ்பூன், மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன். வேண்டுமானால் உடைத்த வேர்க்கடலை. பெருங்காயமும் போடலாம், ஆனால் வருகிறவருக்குக் கோதுமையும் ஆகாது என்றால் கவனம், கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். இரண்டு மாவையும் மேலே தூவிப் பிசிற வேண்டும். சப்பாத்திக்குப் பிசைவது மாதிரி பிசையக் கூடாது. விரல்களை விரித்து அடியிலிருந்து அள்ளிப் போட்டுக் கலக்க வேண்டும். முதலில் உதிரியாக, சேரவே சேராது போல இருக்கும். உடனே தண்ணீர்ச் செம்பைத் தேடுவோம். தேடாதீர்கள். இரண்டு நிமிடம் போனால் தானாக ஒட்ட ஆரம்பிக்கும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் சேர வேண்டும், விட்டால் பாதி உதிர வேண்டும், அதுதான் பதம். உண்மையிலேயே வறண்டு கிடந்தால் கையை நனைத்து உதறுங்கள், அந்தத் துளிகளே போதும்.

வெண்ணெயும் நெய்யும் செய்யும் வேலையை இங்கே காய்ந்த எண்ணெய் செய்யும். வாணலியில் காயும் எண்ணெயிலிருந்து ஒரு மேசைக்கரண்டி எடுத்து மாவில் ஊற்றினால் சுர்ரென்று சத்தம் வரும், கரண்டிக் காம்பால் கலந்துவிட்டு அப்புறம் கையை வையுங்கள். கொழுப்பு மாவைச் சுற்றிக்கொள்வதால் கடிக்கும்போது கரகரவென்று உடையும். சோடா உப்பு வேண்டாம். அது மாவை உப்ப வைத்து மிருதுவாக்கும், எண்ணெயும் குடிக்கும். அரிசி மாவு மொறுமொறுப்புக்கு, ஆனால் ஆசைப்பட்டு அரை கப் போட்டால் பல்லை உடைக்கும். மைதா போடச் சொல்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை, போடுவதும் இல்லை. சூட்டோடு கரகரவென்று இருக்கும், ஆறினால் ரப்பர்.

மாவு சேர்ந்தபின் காத்திருக்கவே கூடாது. காய் இன்னும் நீர் விட்டுக்கொண்டே இருக்கும், கால் மணி நேரத்தில் கலவை தளர்ந்துவிடும். அதனால் எண்ணெய் காய்ந்தபின் மாவு, மாவுக்குப் பின் எண்ணெய் அல்ல.

எண்ணெய்ச் சூடு 170 முதல் 175 டிகிரி. வெப்பமானி இல்லாத வீட்டில், அதாவது எல்லா வீட்டிலும், ஒரு சிட்டிகைக் கலவையைப் போட்டுப் பாருங்கள். அடிக்குப் போய்க் குமிழியோடு உடனே மேலே வந்தால் சரி. அடியிலேயே உட்கார்ந்தால் போதவில்லை. போட்ட வேகத்தில் சிவந்தால் தீயைக் குறையுங்கள். செக்குக் கடலை எண்ணெய் வாசம்தான், ஆனால் சீக்கிரம் புகையும், நுரைத்துக்கொண்டும் வரும், அதில் பொரிப்பவர்கள் பாதி வாணலிக்கு மேல் ஊற்றாதீர்கள். எங்கள் வீட்டில் நுரை அடங்க ஒரு சின்னப் புளி உருண்டையைப் போடுவார்கள்.

கலவையை உருட்டாமல் விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளி, உதிர்த்த மாதிரி போட வேண்டும். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் வெங்காய நுனிகள்தான் மொறுமொறுவென்று வரும். வாணலி நிறையப் போட்டால் சூடு சட்டென்று இறங்கிவிடும், பாதி இடம் காலியாக இருக்கட்டும். போட்டவுடன் கரண்டியை விடாதீர்கள், மாவு இறுகட்டும், பிறகு திருப்பலாம். அடியில் தங்கும் தூள்களை ஒவ்வொரு ஈட்டுக்கும் அரித்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவை கருகி அடுத்த ஈட்டில் ஒட்டும்.

எப்போது எடுப்பது? நிறத்தை நம்பாதீர்கள், மிளகாய்த்தூள் ஏமாற்றும். காதை நம்புங்கள். போட்டவுடன் பெரிய சலசலப்பு இருக்கும், அது காயின் தண்ணீர் ஆவியாகி எண்ணெயைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் சத்தம். ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் உள்ளே புகுவது கடினம். சலசலப்பு அடங்கி, குமிழிகள் சின்னதாகி, கரண்டியால் தட்டினால் உலர்ந்த சருகுச் சத்தம் வந்தால் எடுக்கலாம். பக்கோடா எண்ணெயைக் குடிப்பது பெரும்பாலும் எடுத்த பிறகுதான், சூடு இறங்கும்போது மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் ஜல்லிக்கரண்டியை வாணலிக்கு மேலேயே பிடித்து இரண்டு உதறு உதறிவிட்டு, சல்லடையில் பரப்புங்கள். செய்தித்தாளில் கொட்டுவதை விட்டுவிடலாம், அச்சு மையில் ஈயம் போன்றவை உண்டு என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் எச்சரித்தது. தட்டில் குவித்தாலும் கெட்டது, அடியில் இருப்பது தன் ஆவியிலேயே நமத்துவிடும். ஹாட் பாக்ஸில் போட்டு மூடுவது அதைவிட மோசம். விருந்தாளி தாமதமாக வருவார் என்றால் முக்கால் பதத்தில் எடுத்து ஆற வைத்து, வந்தபின் நல்ல சூட்டில் இன்னொரு முறை பொரித்துக் கொடுங்கள், முதலில் செய்ததைவிட நன்றாகவே இருக்கும்.

ஏர் ஃபிரையரில் வருமா என்று கேட்பார்கள். இதே கலவை அதில் உலர்ந்த மாவாக வெளுத்துக் கிடக்கும். எண்ணெய் குறைவாக வேண்டும் என்றால் பணியாரக் கல் நல்ல வழி. கலவையை இன்னும் கொஞ்சம் இறுக்கமாக்கி, குழிக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, சிறு தீயில் இரண்டு பக்கமும் சிவக்க விடுங்கள். பக்கோடா என்று சொல்ல மாட்டேன், ஆனால் நல்ல பலகாரம்.

தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி, அல்லது புதினாவும் புளியும் அரைத்தது, தயிர் கலக்காமல். குடிக்கச் சுக்குக் காபி.

மிச்சம் இருந்தால், இருக்காது, அப்படி இருந்தால் மறுநாள் வெங்காயம் தக்காளி வதக்கி, தேங்காயும் சோம்பும் அரைத்து ஊற்றிக் குழம்பு வைத்து, இறக்கும் நேரத்தில் பக்கோடாவைப் போடுங்கள். முதல் நாள் அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய மொறுமொறுப்பு போய்விடும், போகட்டும், குழம்பை உறிஞ்சிய பக்கோடாவுக்குச் சோறு கூட இரண்டு பிடி இறங்கும். பொரித்த எண்ணெயை வடிகட்டித் தாளிப்புக்கு வைத்துக்கொண்டு ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள், திரும்பத் திரும்பப் பொரிக்க வேண்டாம்.