ஆர்எச்சிஎஸ்ஏ படிக்கிறீர்களா? முதலில் உங்கள் குழுவுக்கு ஒரு ரெப்போ போடுங்கள்

ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ (லினக்ஸ் நிர்வாகிக்கான சான்றிதழ்) தேர்வுக்குப் படிக்கும் பலர் ரெப்போ (மென்பொருள் பேக்கேஜ்களை இறக்கிக்கொள்ளும் களஞ்சியம்) பகுதியைச் சின்ன வேலை என்று தாண்டிவிடுகிறார்கள். "ஒரு ஃபைல் எழுதணும், அவ்வளவுதானே?" என்பார்கள். தேர்வு 3 மணி நேரம், 300க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. எல்லாமே மெஷினில் செய்து காட்டும் வேலை, இன்டர்நெட் கிடையாது. ரெப்போ சரியாக அமையாவிட்டால் பேக்கேஜ் தேவைப்படும் வேலைகள் எல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

நாங்கள் மதுரை காளவாசல் பக்கம் ஒரு வாடகை அறையில் சேர்ந்து படித்தோம். ஆளாளுக்கு மொபைல் ஹாட்ஸ்பாட். அத்தனை மெஷினும் ஒரே பேக்கேஜைத் தனித்தனியாக இறக்கினால் மதியத்துக்குள் டேட்டா தீர்ந்துவிடும். அதனால் பழைய டெஸ்க்டாப் ஒன்றில் ராக்கி லினக்ஸ் 9 (ரெட் ஹாட் லினக்ஸுக்கு இணையான இலவச லினக்ஸ்) போட்டு, அதையே அறைக்குப் பொதுவான ரெப்போ சர்வர் ஆக்கினோம். எந்த வகுப்பையும் விட எனக்கு அதுதான் அதிகம் சொல்லிக்கொடுத்தது.

முழு டிவிடி ஐஎஸ்ஓவுக்குள் பேஸ்ஓஎஸ், ஆப்ஸ்ட்ரீம் என்று இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். இரண்டையும் அப்பாச்சி என்ற வெப் சர்வரின் ஃபோல்டரில் வைத்து, ஃபயர்வாலில் எச்டிடிபி திறந்தால் பாதி வேலை முடிந்தது. ஹோம் ஃபோல்டரிலிருந்து எம்வி கட்டளையால் நகர்த்தியிருந்தால் மட்டும் கவனம்: எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு ஃபைலில் ஒட்டிய பழைய லேபிளும் கூடவே வந்துவிடும், அப்பாச்சி 403 (அனுமதி இல்லை) காட்டும். ரீஸ்டோர்கான் கட்டளை கொடுத்தால் லேபிள் சரியாகும்.

கிளையன்ட் (பேக்கேஜை வாங்கும் மெஷின்) பக்கம் பலரையும் ஏமாற்றுவது, பேக்கேஜ் நிறுவும் கருவியான டிஎன்எஃப்பின் ரெப்போலிஸ்ட் கட்டளை. ரெப்போ ஃபைலில் எழுதிய சர்வர் முகவரியில் ஓர் எழுத்து தவறினாலும் அது ரெப்போவின் பெயரைப் பளிச்சென்று காட்டும், ஏனென்றால் அது ஃபைலை மட்டுமே படிக்கிறது. சர்வரைத் தொட்டுப் பார்க்கும் டிஎன்எஃப் மேக்கேச் ஓட்டுங்கள், இல்லையென்றால் ஏதாவது ஒரு பேக்கேஜை நிறுவிப் பாருங்கள். அதுதான் சோதனை.

ரெப்போ போடுவதைவிட அதை நடத்துவதில்தான் உண்மையான படிப்பு இருக்கிறது. குழுவில் ஒருவர் சொந்தமாக ஓர் ஆர்பிஎம் (ரெட் ஹாட் வகை பேக்கேஜ் ஃபைல்) கட்டிப் பொது ஃபோல்டரில் போடுவார். பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியாது. சர்வரில் கிரியேட்ரெப்போ கட்டளை ஓட்டி மெட்டாடேட்டாவை (ரெப்போவில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை) புதுப்பிக்க வேண்டும். அதன் பிறகும் தெரியாமல் போகலாம், ஏனென்றால் டிஎன்எஃப் பழைய மெட்டாடேட்டாவை இயல்பாக 48 மணி நேரம் வரை வைத்திருக்கும். ரெஃப்ரெஷ் ஆப்ஷன் கொடுத்தால் உடனே வந்துவிடும்.

ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். வெளியே விட்ட பேக்கேஜை அதே எண்ணில் மாற்றி வைக்கக் கூடாது. ரிலீஸ் எண்ணைக் கூட்டியே போட வேண்டும். இல்லையென்றால் ஒரே பெயரில் இரண்டு மெஷினில் இரண்டு விதமான சாமான் இருக்கும், யாருக்கு எது என்று கண்டுபிடிக்கவே முடியாது. எழுதும் உரிமை ஓரிருவருக்குப் போதும். அறைக்குள்தானே என்று ஜிபிஜி சரிபார்ப்பை (பேக்கேஜின் டிஜிட்டல் கையெழுத்தைச் சோதிப்பதை) அணைக்காதீர்கள். கையெழுத்திட்டுப் போடும் பழக்கம் நாளை மதுரையின் இலந்தைக்குளம் ஐடி பார்க்கிலோ வடபழஞ்சியிலோ வேலைக்குப் போகும்போதும் கூட வரும்.

ரெப்போ ஃபைலின் வரிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. டிஎன்எஃப் கான்ஃபிக் ஃபைலின் மேன் பேஜில் (மெஷினிலேயே இருக்கும் உதவிப் பக்கம்) எல்லாம் இருக்கிறது, தேர்விலும் மேன் பேஜ் பார்க்கலாம். அதில் தேடிப் பழகுங்கள்.

பயிற்சி முடிக்கும் முன் சர்வரை ஒருமுறை ரீபூட் செய்துவிட்டு, கிளையன்டிலிருந்து ஒரு பேக்கேஜ் நிறுவிப் பாருங்கள். அப்பாச்சியை எனேபிள் (பூட் ஆனதும் தானே ஓடும்படி) செய்தீர்களா, ஃபயர்வால் விதியை பெர்மனன்டாகப் போட்டீர்களா என்பது அப்போது தெரிந்துவிடும்.