குளக்கட்டும் கிளுவைவேலியும்

ஜூன் 8, சனி

இரவு அப்பாவோடு இருந்து மறுபடியும் 'தேவர் மகன்' பார்த்தேன். 1992 தீபாவளிப் படம். அப்பா அதை முதலில் பார்த்தது இங்கே கரண்ட் இல்லாத காலத்தில், முற்றத்தில் வீடியோ டெக் வைத்து, ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து. படத்தில் சிவாஜி செத்த கையோடு ஜெனரேற்றரும் நின்றுவிட்டதாம். மிச்சக் கதையை யாரோ வாயால் சொல்லித்தான் கேட்டாராம்.

அரிவாள் சண்டை எதற்கும் மனுஷன் அசையவில்லை. நாசரின் ஆட்கள் கரையை வெடிவைத்து உடைத்து ஊருக்குள் தண்ணீரை விடுகிற இடத்தில்தான் சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்தார்.

"வெடி என்னத்துக்கு? துருசடியில், தண்ணி திறக்கிற மதகடியில், ஒரு எலிவளை காணும்."

2018 டிசம்பரில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தபோது வீட்டுக்குள் முழங்காலளவு வெள்ளத்தில் நின்றவர். அந்தக் காட்சி முடியும்வரை தேத்தண்ணியைத் தொடவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

கமலின் மீசையைப் பற்றித்தான் எல்லோரும் கதைப்பார்கள். எனக்கு மனதில் நிற்பது அந்த வேலி. பாதையை அடைத்ததால் ஊரே சுற்றிப்போகிறது. காணிக்காரரைப் பேசி அதைத் திறக்க வைக்கிறார் கமல். அதன் பலன், காணிக்காரரின் மகள் ரேவதியின் கல்யாணத்தன்று மாப்பிள்ளை பயந்து ஓடிவிட, தாலியைக் கமலே கட்டவேண்டி வருகிறது. காதலித்து வந்த கௌதமி என்ன பாவம் செய்தார்? இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் கோபம் வரும்.

எங்கள் வேலிக்கும் கதை உண்டு. அப்பாவும் சித்தப்பாவும் பதினொரு வருடமாகப் பேச்சில்லை. வேலிக்குக் கிளுவைத் தடிகளைக் கதியாலாக நட்டபோது ஒரு சாண் இந்தப் பக்கம் வந்துவிட்டதாம். அந்தக் கதியால்கள் இப்போது தொடைப் பருமனில் மரமாகி நிற்கின்றன.

ஜூன் 13, வியாழன்

நேற்றிரவு எங்கள் முறைக்குத் தண்ணீர் வரவில்லை. அப்பா டோர்ச்சையும் மண்வெட்டியையும் எடுத்தார். படத்தில் தலை உருண்டதுதான் ஞாபகம் வந்தது. நானும் பின்னாலே ஓடினேன்.

வாய்க்காலுக்குள் சித்தப்பா. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மடையை அடைத்திருந்த பொலித்தீனையும் சல்வீனியாப் பாசியையும் இழுத்துக்கொண்டிருந்தார். அப்பா டோர்ச்சை அவர் கைக்கு நேரே பிடித்தபடி நின்றார். ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் சளசளவென்று இறங்கியதும் ஆளுக்கொரு வரம்பால் வீட்டுக்கு நடந்தார்கள்.

சரி, ஏதோ இளகிவிட்டது என்று நினைத்தேன். காலையில் எழும்பிப் பார்த்தால் சித்தப்பா கிளுவையோடு சேர்த்து முட்கம்பி அடித்துக்கொண்டு நிற்கிறார்.