கால்பந்துக் குழுவுக்கு ஒரு விஞ்ஞானி

அக்கா மகனுக்கு ஜெர்மனியில் பிஎச்டி இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் எல்லாரும் கேசரி சாப்பிட, சித்தப்பா மட்டும் "இங்க படிச்சிட்டு அங்க போய் உழைக்கவா?" என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். எனக்குப் பாகிஸ்தான் இயற்பியல் விஞ்ஞானி அப்துஸ் சலாம் ஞாபகம் வந்துவிட்டது.

கேம்பிரிட்ஜில் படித்த கையோடு 1951இல் லாகூர் திரும்பியவர் அவர். அரசுக் கல்லூரியில் பேராசிரியர். ஆராய்ச்சியா, அதெல்லாம் யார் கேட்டது! பாடம் நடத்தியது போக விடுதி, கணக்கு வழக்கு, கால்பந்துக் குழு மூன்றில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மனுஷன் கால்பந்தை எடுத்துக்கொண்டார். துகள் இயற்பியலைப் பேசித் தெளியப் பக்கத்தில் ஆளில்லை. 1953இல் அவர் சார்ந்த அகமதியா என்ற முஸ்லிம் பிரிவினருக்கு எதிரான கலவரம் வேறு. மறுவருஷமே மூட்டையைக் கட்டிக் கேம்பிரிட்ஜ் போய்விட்டார்.

போனவர் மறக்கவில்லை. 1964இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரத்தில் கோட்பாட்டு இயற்பியலுக்கு ஒரு சர்வதேச மையம் தொடங்கினார். வளரும் நாட்டு விஞ்ஞானிகள் சொந்த ஊர் வேலையை விடாமலே அவ்வப்போது அங்கே போய்த் தங்கலாம். படிக்கலாம், சண்டை போட்டு விவாதிக்கலாம், ஊர் திரும்பலாம். தனக்குக் கிடைக்காத துணையை மற்றவர்களுக்குக் கட்டிக்கொடுத்தார். 1979இல் வாங்கிய நோபலைவிட எனக்கு இதுதான் பெரிசு.

இத்தனையும் சித்தப்பாவிடம் மூச்சு விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, அந்த ஃபுட்பால் டீம் ஜெயிச்சுதா?" என்றார்.