சுவரில் ஏறிய ஓதமும் மகனின் முட்டும்

2024 கார்த்திகை மாதம். உவர்மலையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் அலுமாரியை ஒரு முழம் தள்ளிவைத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் சுவர் முழுக்க மிளகுத்தூளைத் தூவிவிட்ட மாதிரிப் புள்ளிகள், அலுமாரி நின்ற அளவுக்கு அப்படியே. ஈரத்துணியால் துடைத்தேன், போய்விட்டது. பத்து நாளில் திரும்ப வந்தது. இந்த முறை அலுமாரியின் பின்பலகையிலும் இருந்தது, உள்ளே தொங்கிய என் கூறைச் சேலையின் மடிப்பிலும் இருந்தது.

பழைய ஓட்டு வீடு அது. முன்பக்கம் வீட்டுக்கார அன்ரி தனியாக இருக்கிறா. நடுவில் இரண்டு அறை எங்களுக்கு: நான், கணவர், ஆறு வயது மகன். பின்னறையில் வேலைக்குப் போகும் இரண்டு பெண்பிள்ளைகள் போர்டிங்கில் இருக்கிறார்கள். குசினியும் குளியலறையும் எல்லாருக்கும் பொது. மாரியில் ஆறு பேரின் உடுப்பும் விறாந்தையில் காயாது, கடைசியில் அறைக்குள் கயிறு கட்டித்தான் காயப்போடுவோம். ஒரு வாளி ஈர உடுப்பில் இருக்கும் தண்ணீர் முழுவதும் அந்த அறைக் காற்றுக்குள்தான் போகிறது என்று அப்போது யோசித்ததே இல்லை.

திருகோணமலையில் வாடைக் காற்று தொடங்கினால் சப்பாத்திலும் பூஞ்சணம், இடுப்புப் பட்டியிலும் பூஞ்சணம். அதனால் இதை யாரும் ஒரு விசயமாக எடுப்பதில்லை. "மாரிக்கு வாறது பிள்ளை, கோடைக்குப் போயிடும்" என்றா அன்ரி. நானும் அதை நம்பினேன்.

மகனுக்கு இருமல் தொடங்கியதும் அந்த மாதம்தான். பகலில் ஓடி விளையாடுவான், ஒன்றும் இராது. இரவு இரண்டு மணிக்கு எழும்பி, முதுகை வளைத்துக்கொண்டு இருந்து இருமுவான். விடிய மூக்கடைப்பு, கண் கடி. பக்கத்தில் ஒரு டிஸ்பென்சரியில் மூன்று தடவை காட்டினோம். மூன்று தடவையும் பாணி மருந்தும் அன்ரிபயோட்டிக்கும் தந்தார்கள். வீட்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாதே.

தைப்பொங்கலுக்கு மூதூருக்கு அங்கால உள்ள அம்மா வீட்டுக்குப் போனோம். அங்கேயும் அதே மழை, அதே குளிர். ஆனால் நான்கு இரவும் பிள்ளை ஒரு இருமல்கூட இல்லாமல் நித்திரை கொண்டான். வீட்டுக்குத் திரும்பி இரண்டாம் இரவு, அவன் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தேன். மூடிய கதவின் நீக்கலுக்குள்ளால் காற்று நுழையும்போது வருமே, அந்த விசில் சத்தம்.

அடுத்த நாள் பார்த்த டொக்டர்தான் முதலாவதாகக் கேட்டா: "எங்க படுக்கிறவர்? அந்தச் சுவர் ஈரமா? வேற வீட்டில படுத்தா எப்பிடி இருக்கிறார்?" நான் சொல்லச் சொல்ல எழுதினா. பூஞ்சணம் பரவுவது கண்ணுக்குத் தெரியாத வித்துகளால். அந்த வித்துகளும் அதன் உடைந்த துகள்களும் மூச்சோடு உள்ளே போய், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மூக்கொழுகல், கண் கடி, இருமல், இழுப்பு எல்லாம் கொண்டுவரும். ஏற்கெனவே ஆஸ்துமா இருந்தால் அதைக் கூட்டும். ஈரமான அறையில் தூசிப் பூச்சியும் சேர்ந்து பெருகும். உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே வீட்டு ஈரத்துக்கும் பூஞ்சணத்துக்கும் என்றே தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது என்றும், காற்றில் இத்தனை வித்து வரைக்கும் ஆபத்தில்லை என்று அதில் ஓர் எண் கூடக் குறிக்கவில்லை என்றும் சொன்னா. எந்த வகைப் பூஞ்சணம் என்று சோதிக்கக் காசு செலவழிக்க வேண்டாம், எந்த வகை என்றாலும் செய்யவேண்டியது ஒன்றுதான் என்றா. மருந்தை மூச்சோடு இழுக்கும் பம்பும் அதைப் பொருத்தி இழுக்கும் ஸ்பேசர் குழாயும் எழுதித் தந்தா. "இது முட்டு இழுப்பைக் குறைக்கும். சுவரை நீங்கள்தான் பாக்கோணும்."

இடையில் அயலில் ஒருவர், 2021இல் இந்தியாவில் கொரோனா வந்தவர்களின் கண்ணைப் பறித்த கறுப்புப் பூஞ்சை இதுதான் என்று சொல்லி என்னை இரண்டு நாள் நித்திரையில்லாமல் செய்துவிட்டார். அது வேறு. மியூகோர்மைகோசிஸ் என்ற அந்த நோய் பெரும்பாலும் சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களையும் ஸ்டீராய்ட் மருந்து எடுத்தவர்களையும் பிடித்தது. சுவரில் கறுப்பாக இருப்பதெல்லாம் அது இல்லை. நிறத்தை வைத்து வகை சொல்லவும் முடியாது. ஆனால் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுபவர்கள், உறுப்பு மாற்றியவர்கள், நோய் எதிர்ப்புக் குறைந்தவர்கள் இப்படியான அறையில் இருக்கவே கூடாது. அவர்களுக்கு அஸ்பர்ஜிலஸ் போன்ற சாதாரணப் பூஞ்சணமே நுரையீரலுக்குள் பற்றிக்கொள்ளும்.

சுவரைப் பார்க்கத் தொடங்கி நாங்கள் விட்ட பிழைகளை மறைக்காமல் எழுதுகிறேன், இன்னொரு வீட்டில் நடக்கக்கூடாது என்பதற்காக.

முதல் பிழை, காய்ந்த தும்புப் பிரஷால் கணவர் உரஞ்சியது. ஃபேன் வேறு ஓடிக்கொண்டிருந்தது. யன்னலால் வந்த வெயில் கீற்றில் கறுப்புத் தூள் சுற்றிச் சுற்றிப் பறந்ததை நானே பார்த்தேன். அன்று இரவு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம், முகத்தில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை பிடித்துத்தான் அடங்கியது. இரண்டாவது, பிளீச்சை அள்ளி ஊற்றியது. பிளீச் மேலே தெரியும் கறுப்பை வெளுக்கும், ஊறிப்போன பூச்சுக்குள் இறங்காது. அதைவிட, பொதுக் குளியலறையில் பின்னறைத் தங்கச்சி அதே நேரம் கக்கூஸ் கழுவும் அசிட்டை ஊற்றப் போனா. கத்தி நிறுத்தினேன். பிளீச்சும் அசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அந்தச் சின்ன அறைக்குள் ஆளை விழுத்திவிடும். பல பேர் பாவிக்கும் வீட்டில் யார் எதை எங்கே ஊற்றுகிறார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாவது, மேலே பெயின்ற் அடித்தது. அது அன்ரியின் யோசனை, அவவின் செலவு. ஆறு கிழமை போகவில்லை, தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குப் பெயின்ற் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. நகத்தால் ஒன்றை உடைத்தேன். உள்ளே ஈரப் பூச்சு, பால்மாப் பிசைந்ததுபோல. வெள்ளையாகவும் ஏதோ பூத்திருந்தது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், கரைந்துபோனது. அது சுவர் கக்கும் உப்பு, பூஞ்சணம் இப்படிக் கரையாது. உப்பு பூக்கிறதென்றால் செங்கல்லுக்குள்ளால் தண்ணீர் நடக்கிறது என்று அர்த்தம்.

இங்கிலாந்தில் இருக்கும் அக்காவிடம் அந்தக் கிழமை போனில் அழுதேன். அவ ஒரு விசயம் சொன்னா. அங்கே ரொச்டேல் என்ற ஊரில் 2020 டிசெம்பரில் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று செத்துப்போனது. 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி, வீட்டுப் பூஞ்சணத்தில் நீண்டநாள் இருந்ததால் வந்த மூச்சுக் கோளாறுதான் காரணம் என்று தீர்ப்புச் சொன்னா. தகப்பன் 2017இலேயே முறையிட்டிருந்தார். அவருக்குக் கிடைத்த பதில், மேலே பெயின்ற் அடியுங்கள் என்பதுதான். அந்தப் பிள்ளையின் பெயரிலேயே அங்கே சட்டம் வந்திருக்கிறது. 2025 ஒக்டோபர் தொடக்கம் சமூக வாடகை வீடுகளில் (உள்ளூராட்சியோ வீட்டுச் சங்கமோ குறைந்த வாடகைக்குக் கொடுக்கும் வீடுகள்), பெரிய ஈரமோ பூஞ்சணமோ என்று முறைப்பாடு வந்தால் பத்து வேலைநாளுக்குள் வந்து பார்த்தே ஆகவேண்டும். போனை வைத்துவிட்டு, புதுப் பெயின்ற் அடித்த எங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். சுவரின் மறுபக்கம் குளியலறை இருப்பதால் பைப் கசிவுதான் என்று நினைத்தோம். இரவு எல்லாப் பைப்பையும் பூட்டி, ஒருவரும் தண்ணீர் எடுக்க வேண்டாம் என்று பின்னறைப் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டு, டோர்ச்சோடு போய்த் தண்ணீர் மீற்றரின் சின்னச் சக்கரத்தைப் பார்த்தேன். அரை மணித்தியாலம் அசையவே இல்லை. அப்போ பைப் இல்லை. பிறகு ஒரு முழப் பொலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவைத்தேன். ஒரு நாள் கழித்து எடுத்தால், அறைப் பக்கம் வியர்த்திருந்தால் காற்றின் ஈரம், சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. எங்களுடையது சுவர்ப் பக்கம் துளித்துளியாக நின்றது.

விடை தந்தவர், நாங்கள் கூப்பிடாமலே வந்தவர். மாசிக் கடைசியில் டெங்கு பார்க்க வந்த பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்), வெளிச்சுவரோடு இருந்த குரோட்டன் பாத்தியில் சிரட்டை தேடிக் குனிந்தவர், நிமிர்ந்து கேட்டார்: "இந்த மண் ஏன் இவ்வளவு உயரமாக் கிடக்கு?" சில வருசத்துக்கு முதல் முற்றத்தில் தண்ணீர் நிற்கிறதென்று அன்ரி கிரவல் கொட்டி உயர்த்தியிருக்கிறா. பூ மரம் வைக்க அதற்கு மேலும் மண். கூரைப் பீலியில் வேப்பஞ்சருகு அடைத்து, மழைத் தண்ணீர் முழுவதும் அந்தப் பாத்திக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது.

அன்ரியிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. நல்ல மனுசி, எங்களைத் தன் பிள்ளைகள்போல வைத்திருந்தவ. வாடகையைக் கூட்டுவாவோ, எழும்பச் சொல்லுவாவோ என்ற பயமும் இருந்தது. திகதி போட்டு எடுத்த படங்களையும் மருந்துத் துண்டுகளையும் வரிசையாக வைத்துக் காட்டினேன். பின்னறைத் தங்கச்சிமாரும் வந்து நின்றார்கள், அதில் ஒருவவுக்கு நான்கு மாதமாகப் பீனிசத் தலையிடி. அன்ரி எங்கள் அறைக்குள் வந்து சுவரில் கை வைத்துப் பார்த்தா. "அப்ப பிள்ளைக்கு இதாலயோ?" என்று மட்டும் கேட்டா. மேசன் கூலி அவ, மண் வெட்டுகிற வேலை நாங்கள் என்று முடிவானது.

பங்குனியில் தோண்டினோம். அரை அடி இறங்கியதும் சுவரில் கறுப்பாக ஒரு தார்க்கோடு தெரிந்தது. "இதுதான் டீபிசி" என்றார் மேசன் அண்ணன். நிலத்து ஈரம் மேலே ஏறாமல் தடுக்கக் கட்டும்போதே போட்ட படை. அதற்கு மேலே மண்ணைக் குவித்தால் ஈரம் அதைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போகாமல் என்ன செய்யும்? மண்ணைக் கோட்டுக்குக் கீழே இறக்கி, தண்ணீர் வெளியே ஓடச் சரிவாக ஒரு சீமெந்துக் கட்டும் போட்டு, பீலியைத் துப்புரவாக்கினோம்.

உள்ளே சுத்தம் செய்ததை இந்த முறை ஒழுங்காகச் செய்தோம். பிள்ளையை அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். கதவின் கீழ் நீக்கலுக்கு ஈரத் துவாய், யன்னல் திறப்பு, ஃபேன் இல்லை. என்-95 மாஸ்க், றப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. முதலில் தண்ணீர் தெளித்துச் சுவரை நனைத்துவிட்டு, சவர்க்காரத் தண்ணீரால் உரஞ்சித் துடைத்தோம். மூன்றடிக்கு மூன்றடி அளவு வரைக்கும் வீட்டுக்காரரே செய்யலாம் என்று அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் சொல்கிறது, எங்களுடையது கிட்டத்தட்ட அவ்வளவுதான். கெட்ட பூச்சை மேசன் அண்ணன் இடுப்பளவுக்குக் கொத்தி எடுத்தார். அலுமாரியின் பின்பலகையைக் கழற்றி எறிந்தோம்.

பிறகு காத்திருந்தோம். செங்கல் சுவர் மாதத்துக்கு ஓர் அங்குலம் அளவில்தான் காயுமாம். கச்சான் காற்று அடித்த மாதங்கள் முழுக்க அறை அம்மணச் செங்கல்லோடு கிடந்தது. நாங்கள் மூவரும் முன்னறையில் பாய் போட்டுப் படுத்தோம். ஆவணியில் திரும்பப் பூசி, பெயின்ற் இல்லாமல் சுண்ணாம்பு அடித்தோம். அலுமாரி இப்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. உடுப்புக் கயிறு பின் விறாந்தையில், தகரம் இறக்கி. பிள்ளை ஐந்து மாதமாகப் பம்ப் தேடவில்லை, என்றாலும் டொக்டர் சொன்னபடி கிளினிக் போகிறோம்.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்த இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. மூன்று தடவை எழும்பிச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது, ஈரம் இல்லை.

ஆனால் மாவிலாறு அணைக்கட்டு உடைந்து மூதூர்ப் பக்கம் வெள்ளம் போனது. அம்மா வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பிள்ளை நித்திரை கொண்ட அந்த வீடு. பாதை திறந்த உடனே போனேன். நனைந்தது இரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும், அதற்குள் நான்கு நாள் போய்விட்டிருந்தது. கதவு யன்னல் எல்லாம் திறந்துவிட்டு, சேற்றை அள்ளி, கட்டில்களைச் சுவரிலிருந்து இழுத்தோம். அம்மா தன் இலவம்பஞ்சு மெத்தையை மட்டும் விடமாட்டேன் என்று நின்றா. அப்பா இருந்த காலத்தில் தைத்தது. "வெயிலில போட்டாக் காஞ்சிடும் மகள்." தையலை ஓர் ஓரத்தில் பிரித்துக் காட்டினேன். பஞ்சு கட்டிகட்டியாகப் பச்சை பிடித்திருந்தது. அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மேலுறையை மட்டும் கழற்றித் தோய்க்க எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனா. பஞ்சை நானும் தம்பியும் சாக்கில் கட்டி வெளியே கொண்டுபோனோம்.