நாலு காரும் ஒரே அடி

ஹிப்-ஹாப் பிறந்த ஊர் என்று ஆசையோடு நியூயார்க்கில் வந்து இறங்குகிறவரை வரவேற்பது சிக்னலில் நிற்கும் காரின் டிக்கிதான். நம்பர் பிளேட் கடகடவென்று ஆடும். நடைபாதையில் நிற்பவர் நெஞ்சுக்கூடு வரை அதிரும். பச்சை விழுந்து அந்தக் கார் போனால் பின்னால் இன்னொன்று. பாடுகிறவர் வேறு, திட்டுகிற வார்த்தைகளும் வேறு, அடி மட்டும் அதே. டவுன் பஸ்ஸில் ஒரு பாட்டின் முதல் நாலு வினாடியைக் கேட்டே படத்தின் பெயர் சொல்லிப் பந்தயம் கட்டி வளர்ந்த கூட்டம் நாம். இங்கே முழுப் பாட்டும் முடிந்து, அடுத்தது எப்போது ஆரம்பித்தது என்று தெரியாமல் நிற்பது கொஞ்சம் அவமானமாகத்தான் இருக்கிறது.

அந்த அடியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே அதிகம் இல்லை. கம்ப்யூட்டரில் வேகம் நிமிடத்துக்கு 140 எண்ணிக்கை என்று வைப்பார்கள். நாலு எண்ணிக்கையில் மூன்றாவதில் மட்டும் ஸ்னேர் என்ற சுள்ளென்ற டிரம் விழுவதால் காதுக்கு அது 70 போலச் சோம்பலாகக் கேட்கும். அந்தச் சோம்பலை மறைக்க ஹை-ஹாட் என்ற ஜால்ரா ஒலியை இரண்டாய், நாலாய், மூன்றாய்ப் பொடித்துத் தூவுவார்கள். அடியில் உறுமுவது 808. ரோலண்ட் நிறுவனம் 1980-இல் கொண்டுவந்து 1983-லேயே நிறுத்திவிட்ட டிரம் மெஷின் அது. அதன் கிக் என்ற கனத்த டிரம் ஒலியை நீட்டி இழுத்து, பேஸ் கிட்டார் இருந்த இடத்தில் உட்கார வைத்தாயிற்று. சொதப்பும் இடங்களும் எல்லாருக்கும் ஒன்றுதான். 808-ஐ சுருதி சேர்க்காமல் விட்டால் மேலே ஓடும் பியானோவோடு முட்டும். கூடவே தனியாக ஒரு கிக் வைத்து இரண்டின் அலைகளும் எதிரெதிராக அசைந்தால் ஒன்றையொன்று விழுங்கும், சத்தத்தைக் கூட்டியும் அடி மெலிந்தே இருக்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியை போன் ஸ்பீக்கரால் காட்டவே முடியாது என்பதால் வேண்டுமென்றே கொஞ்சம் கரகரப்பு சேர்ப்பார்கள். இதற்கு மேல் ரகசியம் ஒன்றும் கிடையாது.

மேலே ஓடும் பியானோவைக்கூட பீட் போட்டவர், அதாவது ராப்புக்குக் கீழே ஓடும் இசையைக் கட்டியவர், வாசித்திருக்க வேண்டியதில்லை. மாதச் சந்தா கட்டினால் ஸ்ப்ளைஸ் போன்ற தளங்களில் சுருதியும் வேகமும் எழுதி ஒட்டிய லூப்புகள், திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டுகள், குவிந்து கிடக்கின்றன. ஒன்றை இறக்கி, டிரம் போட்டு, புகழ்பெற்ற ராப்பர் ஒருவரின் பெயரை முன்னால் வைத்து ‘டைப் பீட்’ என்று யூடியூபில் ஏற்றினால் கடை திறந்தாயிற்று. 20, 30 டாலருக்கு லைசென்ஸ். ஒருவருக்கே உரியது என்று எழுதி வாங்காதவரை அதே பீட்டை எத்தனை பேருக்கும் கொடுக்கலாம். ஊரிலுள்ள எல்லாக் கல்யாணத்துக்கும் ஒரே சமையல் கான்ட்ராக்டர் வந்தால் எந்த வீட்டு விருந்து என்று நாக்குக்குத் தெரியுமா? அந்தக் கதைதான். இதில் தேடுபெட்டியின் கெடுபிடி வேறு: இன்னொருவர் மாதிரி இருந்தால்தான் பீட் அகப்படும். யாருமே கேட்டிராத ஒலியை எந்தப் பெயரைப் போட்டுத் தேடுவது? ஸ்பாட்டிஃபையில் 30 வினாடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. அதனால் பாட்டின் முன்னிசையும் ஒடுங்கிவிட்டது.

இரவல் வாங்கியதால் கெட்டது என்று சொல்பவர்களோடு நமக்கு ஒத்துப்போகாது. சாவு வீட்டில் விடிய விடிய கானா கேட்டவர்களுக்கு இது தெரியும். மெட்டு பழைய சினிமாப் பாட்டுடையது, வார்த்தை மட்டும் பந்தலுக்குள் கிடத்தியிருக்கும் மனிதருடையது. அவர் ஓட்டிய வண்டி, வாங்கிய கடன், போட்ட சண்டை எல்லாம் அதில் வந்துவிடும். மெட்டைத் திருடினான் என்று எவரும் எழுந்து போனதில்லை. ஹிப்-ஹாப்பும் இரவலில் பிறந்ததுதான். 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸில் 1520 செட்ஜ்விக் அவென்யூ அடுக்குமாடிக் கட்டடத்தில், தங்கை சிண்டி ஏற்பாடு செய்த விருந்தில் பாட்டுப் போட்டவர் டிஜே கூல் ஹெர்க். அவரும் வந்தேறிதான். ஜமைக்காவின் கிங்ஸ்டனிலிருந்து சிறுவனாக வந்தவர், தெருவில் பெரிய ஸ்பீக்கர் கட்டும் அந்த ஊர் வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி. ஆட்டக்காரர்கள் காத்திருக்கும் டிரம் துண்டு ஒன்றில் முடிந்ததும் மற்றதில் அதே இடத்துக்கு முள்ளை வைப்பார். சில வினாடித் துண்டு பல நிமிடம் ஓடும்.

இரவலுக்குள் கை வேலை இருந்த காலம் அது. அதன் உச்சம் 1987-இல் வந்த எஸ்பி-1200 என்ற பெட்டி, இசைத்தட்டிலிருந்து ஒலித் துண்டைப் பதிந்து தட்டி வாசிக்கும் கருவி. மொத்தம் பத்து வினாடி ஒலிதான் அதில் கொள்ளும், ஒரே துண்டாக இரண்டரை வினாடிக்கு மேல் கூடாது. பத்து வினாடியில் ஒரு பாட்டையே கட்ட வேண்டும்! பையன்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 33-இல் ஓட வேண்டிய இசைத்தட்டை 45-இல் ஓடவிட்டுப் பதிவு செய்வது, பெட்டிக்குள் போனபின் வேகத்தைக் கீழே இறக்குவது. இடம் மிச்சம். ஒலியைக் கொஞ்சம் கரடாகவே பதியும் 12 பிட் பெட்டி ஆதலால் இறக்கும்போது ஒலியில் ஒரு மணல் நறநறப்பு ஏறும். பின்னால் வந்தவர்கள் காசு கொடுத்துத் தேடும் அந்த நறநறப்பு, கஞ்சத்தனத்தில் பிறந்தது. டிரம் துண்டை கிக் தனி, ஸ்னேர் தனி, ஹை-ஹாட் தனி என்று அறுத்து வரிசை மாற்றி அடுக்கினால் வாசித்தவரே அடையாளம் காண மாட்டார். டெட்ராய்ட்டின் பீட் கலைஞர் ஜே டில்லா இன்னொரு படி போனார். அடிகளைத் தாளக் கணக்கின் கட்டத்துக்குள் இழுத்து நிறுத்தும் வசதியைப் பல நேரம் அணைத்துவிட்டு விரலாலேயே தட்டினார். ஸ்னேர் மயிரிழை முந்தும், கிக் பிந்தும், தவில்காரர் வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளி அடிக்கிற சுகம் அதில் உண்டு. அவருடைய எம்பிசி பெட்டி, எஸ்பி-1200 போன்றதே, இப்போது வாஷிங்டனில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தக் கையைக் கட்டிப்போட்டதில் நீதிமன்றத்துக்கும் பங்கு உண்டு. அனுமதியில்லாமல் பிறர் ஒலித் துண்டை எடுத்த ராப்பர் பிஸ் மார்க்கிக்கு எதிராக 1991-இல் நியூயார்க்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி, ஒவ்வொரு அனுமதிக்கும் பணம். 2005-இல் இன்னொரு வழக்கில் இரண்டு வினாடி கிட்டார் ஒலிக்கும் அதே கதி. ஒரு பாட்டில் இருபது துண்டு தைப்பதை பட்ஜெட் தாங்காது. பெரிதாக ஒன்றே ஒன்றை வாங்கி முழுசாக ஓட்டுவது மலிவு, சந்தா லூப் அதைவிட மலிவு. டி லா சோல் என்ற ராப் குழுவின் 1989-ஆம் ஆண்டு ஆல்பம், சாம்பிள் (இரவல் ஒலித் துண்டு) அனுமதிச் சிக்கலால் 2023 மார்ச் வரை ஸ்ட்ரீமிங்குக்கே வரவில்லை.

பாடும் முறையும் ஒரே கதவு வழியாகப் போகிறது. மிகோஸ் என்ற ராப் குழு 2013-இல் புகழ் பெற்றதிலிருந்து எங்கு திரும்பினாலும் தகிட தகிட தகிட தகிட. நாலு எண்ணிக்கைச் சதுஸ்ரத் தாளத்தின் மேல் மூன்று எண்ணிக்கைத் திஸ்ர நடை, வேறொன்றும் இல்லை. மெம்பிஸ் நகரத்து ராப்பர்கள் அதை முன்பே பாடியிருந்தார்கள் என்பது வேறு விஷயம். சதுஸ்ரத்தில் ஆரம்பித்து திஸ்ரம், ஐந்தின் கண்டம், ஏழின் மிஸ்ரம் என்று மாற்றி மாற்றிக் கோர்வை வைத்து முடிக்கும் மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தைக் கேட்ட காது, எட்டாவது வரியிலேயே நடை எப்போது மாறும் என்று காத்திருக்கும். மாறாது. பழகிவிட்டது, இந்த ஊர்க்காரராகிவிட்டோம் என்று நாமும் தலையாட்டுவோம். ஆனால் மனம் திருவிழாக் கொட்டகையில் உறுமி இழுக்கும் அந்த ‘ஊம்’ ஒலிக்குப் போய்விடும். சுருதி வழுக்கும் 808-ஐ நம் ஊர் ஆட்கள் வளைந்த குச்சியால் எப்போதோ உரசி எடுத்துவிட்டார்கள் என்று இங்கே யாரிடம் சொல்ல? ஈழத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ராப் பாடகி மியா (M.I.A.), சென்னையில் உறுமிக்காரர்களைப் பதிவு செய்து தன் 2007-ஆம் ஆண்டு ஆல்பத்தில் உலகம் முழுக்கக் கேட்க வைத்தார். டொராண்டோவில் ஷான் வின்சென்ட் டி பாலும் யாஞ்சனும் மிருதங்கத்தை வைத்தே ராப் செய்திருக்கிறார்கள்.

ஆகவே வீட்டில் பீட் போடும் பிள்ளை இருந்தால் சந்தாவை ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கலாம். சினிமாப் பாட்டில் கை வைக்க வேண்டாம், ஒலிப்பதிவுக்கு ஒரு அனுமதி, மெட்டுக்கு ஒரு அனுமதி என்று இரண்டு வேண்டும். ஊரில் சித்தப்பாவிடம் சொல்லி எட்டு தாள வட்டம் உறுமி பதிவு செய்யச் சொல்லுங்கள். மண்டபத்தில் வேண்டாம், எதிரொலியின் வால் அடுத்த அடியில் போய் ஒட்டிக்கொண்டால் அறுக்க முடியாது. திறந்த வெளியில், போனை ஒரு கை தூரத்தில் வைத்து. ரொம்ப நெருங்கினால் ஒலி முறிந்துவிடும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் ஒலி நசுங்கிப் போகும், டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். சித்தப்பாவுக்கு இந்தக் கடைசி வரியைப் புரிய வைக்க மூன்று வீடியோ கால் ஆகும். நடுவில் அங்கே பனி பெய்கிறதா, காட்டு பார்ப்போம் என்பார்.