பாத்தி மூடி: மூன்றாவது தடவையில்தான் அணில் வெளியே நின்றது

மூன்றாவது மூடி போட்டு ஆறு வாரம் ஆகிறது. மிளகாய், தக்காளி எதிலும் ஒரு பல்தடம் இல்லை. முதல் இரண்டு மூடிகளும் தோற்றதற்கு வலை காரணமில்லை, மூலைதான் காரணம்.

பாத்தி 2.5 மீட்டருக்கு 1 மீட்டர், இங்கே சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் பாத்திகளின் அளவேதான். நைலான் வலை இங்கே வேண்டவே வேண்டாம். அணில் கடித்துவிடும், தொய்வாகக் கிடந்தால் பாம்பும் பறவையும் சிக்கிச் சாகும். கம்பி வலைதான், அரை அங்குலக் கண், கம்பித் தடிமன் 19 கேஜ். கடையில் ஒன்றை மட்டும் பாருங்கள்: கம்பிகள் சேரும் புள்ளி கருத்திருந்தால் துத்தநாக முலாம் பூசிய பிறகு பற்றவைத்தது. நம் மழையில் அந்தப் புள்ளிகளில்தான் முதலில் துரு ஏறும். துத்தநாகம் மூட்டில் திரண்டு நிற்கும் வலையாகக் கேட்டு வாங்குங்கள். ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் இரண்டு மூன்று படி ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

இனி மூலை. முதல் மூடி 2.5 மீட்டர் நீளப் பைன் சட்டம். காலையில் மழையில் ஊறி, மதிய வெயிலில் காய்ந்து, சட்டம் முறுக்கிக்கொண்டது. மூலை 18 மி.மீ. தூக்கிவிட்டது. அந்த இடைவெளியில் அணில் நுழையாதுதான். ஆனால் அதற்குப் பல் பிடிக்க ஒரு விளிம்பு கிடைத்துவிட்டது. சட்டத்தின் ஓரத்தில் இரட்டைக் கோடாகப் பல்தடம், கீழே மண்ணில் வெளிறிய மரத்தூள். தட்டையான பரப்பில் அணிலின் பல் ஏறாது, விளிம்பு கிடைத்தால் விடாது. இரண்டாவது தடவை நடுவில் செங்கல் வைத்து அமுக்கியதில் நடு தொய்ந்து, மூலை இன்னும் தூக்கியது.

மூன்றாவதில் மரமே இல்லை. 25 மி.மீ. அலுமினிய ஆங்கிளில் (L வடிவச் சட்டம்) 1.25 மீட்டர் மூடி இரண்டு. டப்பா மூடி மாதிரி விளிம்பு 25 மி.மீ. கீழே இறங்கிப் பாத்திச் சுவருக்கு வெளியே அமர்கிறது. கீல் போட்டால் அந்தப் பக்கம் விளிம்பை இறக்க முடியாது. அதனால் கீல் இல்லை, அப்படியே தூக்கி வைப்பதுதான். கொண்டிகளை நடுவில் போடாமல் நான்கு மூலைகளிலும் போடுங்கள். இரண்டு மூடியும் சந்திக்கும் இடத்தில் ஒரு மூடியில் 50 மி.மீ. பட்டை அடித்து, மற்றதன் மேல் படியும்படி விடுங்கள். பட்டை உள்ள மூடியை முதலில் திறக்க வேண்டும், கடைசியில் மூட வேண்டும்.

வலையைப் பிடிக்க ஸ்டேப்பிள் போதாது, இழுத்தால் கழன்றுவிடும். ஓரத்தை 1.5 செ.மீ. மடித்து, மேலே தட்டைப் பட்டை வைத்து, 10 செ.மீ.க்கு ஒரு ரிவெட்.

மிளகாய்க் கரைசல் தெளிக்கலாம் என்பார்கள். ஒரு மழை போதும், எல்லாம் போய்விடும். பறவைகளுக்குக் காரமே உறைக்காது என்பதால் மைனாவுக்கும் கொண்டைக்குருவிக்கும் அது விருந்துதான். அமெரிக்கக் காணொளிகளில் கோபருக்காக (மண்ணுக்கடியில் வளை தோண்டும் கொறிவிலங்கு) பாத்திக்கடியில் வலை விரிப்பதைக் காட்டுவார்கள். கோபர் இங்கே இல்லை, ஆனாலும் அதே வலை எலிக்கு உதவும். மண் கொட்டும் முன்பே விரித்துவிடுங்கள். பொறி வைக்கும் யோசனையே வேண்டாம்: 2020 ஜூன் முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டப்படி அனுமதியில்லாமல் அணிலைப் பிடிப்பதும் குற்றம், தீனி போடுவதும் குற்றம். அது இந்த மண்ணின் அணில், வயிறு செம்பழுப்பு, விலாவில் கறுப்பு வெள்ளைக் கோடு. தமிழ்நாட்டு ஊர்களில் பார்க்கும் முதுகுக்கோட்டு அணில் வேறு இனம். அதன் பாட்டுக்கு மரத்தில் இருக்கட்டும்.

மூடிய பாத்தியில் ஒரு குறை உண்டு. கொசு அளவுக் கொடுக்கில்லாத் தேனீ உள்ளே வரும், பெரிய தச்சன் தேனீ வராது. கத்தரிப் பூவின் காம்பில் மின்சாரப் பல் துலக்கியை இரண்டு விநாடி வைத்தால் மகரந்தம் உதிரும். பாகற்கொடிக்குக் காலையிலேயே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட வேண்டும்.

அடுத்து பப்பாளி. மிச்ச வலையை 30 செ.மீ. குறுக்களவில் உருளையாகச் சுருட்டிக் காய்க்குலைக்குப் போடப் போகிறேன். இப்போதுள்ள இரண்டு மூடிகளில் ஒன்றில் வடக்கு ஓரத்து ரிவெட் இன்னும் பாக்கி, இப்போதைக்குக் கட்டுக்கம்பிதான் தாங்குகிறது.